ஆச்சாரியார் வாழ்வும் குடியிலிருந்து மீட்சியும்

விளவங்கோடு தாலுகாவின் தலைநகரான குழித்துறைக்கு அண்மையில் உண்ணாமலைக்கடை என்றோர் ஊர் உண்டு. 2015-ம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதியன்று, அங்கே ஊரார் எதிர்த்துவந்த சர்க்கார் மதுக்கடையை அகற்ற வேண்டுமென்று கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின் மீதேறிப் போராடிய காந்தியவாதி ஸ்ரீ சசிபெருமாள் உயிர் நீத்தார். அவர் இப்பக்கத்தவர் அல்லர். சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவர். அதே சேலம் ஜில்லாவில்தான், அதற்கு 78 வருஷங்களுக்கு முன், 1937 அக்டோபர் 1-ந் தேதியன்று, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் கள், சாராயக் கடைகள் அனைத்தையும் மூடி மதுவிலக்கைத் தொடங்கினார். முதலில் கடை மூடப்பட்ட ஜில்லாவைச் சேர்ந்த ஒருவர், கடைசியாகத் தமிழகத்தோடு இணைந்த ஜில்லாவில், ஒரே ஒரு கடையை மூடுவதற்காக உயிரை விட நேர்ந்தது நம் ராஜ்யத்தின் வரலாற்றில் துக்கம் தரும் விஷயமாகும்.

குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்ட ஒருவனை மீட்பது எது? சட்டமா, வைத்தியமா, நல்லோர் துணையா, பிழைப்புக்கான தொழிலா? குழித்துறையிலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் இரவுதோறும் இக்கேள்வியோடுதான் படுக்கைக்குப் போகின்றன. இதற்கு விடை தேடுவோருக்கு ஆச்சாரியாரின் வாழ்க்கை மிகுந்த பயன் தருவதென நாம் கருதுகிறோம். அவர் இவ்வழிகளில் சிலவற்றைத் தம் கையாலேயே செய்து பார்த்தவர். அவற்றின் பலனையும் குறையையும் தொண்ணூற்று நான்கு வயது வரை இருந்து கண்டவர்.

1878 டிசம்பர் 10-ந் தேதி, ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளிக் கிராமத்தில் ஆச்சாரியார் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி கற்று, சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். சில வருஷங்களுக்குள் அவ்வூரின் முன்னணி வக்கீல்களில் ஒருவராக விளங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். மகாத்மாவின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது அவ்வளவு வருமானமுள்ள தொழிலைக் கைவிட்டார். 1921 டிசம்பரில் சிறை புகுந்தார். கள்ளுக்கடை மறியல் அவ்வியக்கத்தின் முக்கிய அம்சங்களில் ஒன்றாயிருந்ததை நேயர்கள் அறிவார்கள். ஆயினும் மறியல் நின்றவுடன் குடிப்பவன் மீண்டும் கடைக்குப் போகிறான் என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். கடை வாசலில் நின்று தடுப்பது வேறு, அவன் வீட்டு வாசலுக்குச் சென்று அவனோடு வாழ்வது வேறு என்று உணர்ந்தே அவர் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்.

1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்கு அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. மழை பொய்த்துப் பஞ்சத்தால் வாடிய பிரதேசம் அது. கூரை வீட்டில், சில தொண்டர் குடும்பங்களோடு ஆச்சாரியார் தங்கினார். தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்டோரும் ஆசிரமத்தில் ஒன்றாக வாழ்ந்ததால், அக்கம்பக்கத்து உயர்குலத்தாரின் பகையையும் தாங்க வேண்டியிருந்தது. இராட்டையும் கதரும் பெண்களின் கைக்குச் சிறிது காசு தந்தன. ஆசிரம வைத்தியசாலை நோயாளிகளுக்கு மருந்து தந்தது. இவற்றோடு கலந்தே குடியொழிப்பும் நடந்தது. தொண்டர்கள் சேரிக்கும் கிராமத்துக்கும் சென்று, குடியை விடும்படி ஒவ்வொரு குடும்பத்தையும் வேண்டினார்கள். நூல் கொண்டுவரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தே, முதல் நாள் இரவு அவள் வீட்டில் நடந்தது இன்னதென்று அறியக்கூடிய நெருக்கம் அத்தகைய வாழ்க்கையில்தான் உண்டாகும்.

1929-ல் ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்ற மாதப் பத்திரிகை வெளிவந்தது. முழுவதும் மதுவிலக்குக்கென்றே நடத்தப்பட்ட அப்பத்திரிகையில் ஸ்ரீ கல்கி கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரியாருக்குத் துணையாக உழைத்தார். பத்து இதழ்களே வந்தனவாயினும், குடியின் கேட்டைக் கதையாலும் சித்திரத்தாலும் பாமரருக்கு எடுத்துச் சொல்லலாம் என்பதை அது காட்டிற்று. கடனும் குடியும் சேர்ந்து ஓர் உழவர் குடும்பத்தை அழிக்கும் விதத்தைத் திக்கற்ற பார்வதி என்னும் கதையில் ஆச்சாரியார் தீட்டினார். அவர் மறைந்த பின்னர், 1974-ல், அது திரைப்படமாகவும் வந்தது. காங்கிரஸின் மதுவிலக்குப் பிரசாரப் பொறுப்பை ஏற்று, தொண்டர்களுக்கான கைந்நூலும் அவர் எழுதினார். 1930-ல் வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகப் படையை நடத்திச் சென்று மீண்டும் சிறை சென்றார்.

1937 ஜூலையில் ஆட்சிப் பொறுப்பு ஆச்சாரியாரின் கைக்கு வந்தது. மாகாண வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்கு கள், சாராய வரியிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. பொக்கிஷத்துக்கு அவ்வளவு நஷ்டம் கூடாதென்று பலர் எச்சரித்தனர். அவர் தயங்கவில்லை. பதவியேற்ற மூன்று மாதத்துக்குள் தாம் நன்கறிந்த சேலம் ஜில்லாவில் சட்டத்தை அமல் செய்தார். 1938-ல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939-ல் வட ஆற்காட்டுக்கும் அது விரிந்தது. நஷ்டத்தை ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்று நம் ராஜ்ய வருமானத்தின் பெரும் பகுதிக்கு வழிகாட்டிய அவ்வரி, மதுவிலக்கின் பொருட்டுப் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

சேலத்தில் போலீஸாரை மட்டும் நம்பி ஆச்சாரியார் காரியம் செய்யவில்லை. கடை மூடிய ஊர்களில் மாலை வேளையில் பஜனையும் விளையாட்டும் நாடகமும் நடத்த ஏற்பாடு செய்யப்பட்டது. வேலை முடிந்து வருபவன் வழக்கமாகக் கடைக்குச் செல்லும் அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்பதே அவனுக்கு முதல் சோதனை. அதனை அறிந்தே இவ்வேற்பாடு அமைந்தது. மது தந்த காசு உணவுக்கும் உடைக்கும் திரும்பிற்று என்பதை அக்காலத்துப் பொருளாதார விசாரணைகள் குறித்தன. கள்ளச் சரக்கு முற்றிலும் ஒழிந்ததென்று எவரும் சொல்லத் துணியவில்லை.

மரமேறிகளின் பிழைப்பு மற்றொரு பிரச்னை. கள்ளுக்குப் பதில் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவது அவர்களுக்குக் காட்டப்பட்ட வழி. விளவங்கோட்டாருக்கு இது புதிதன்று. அக்கானி இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் பனையேறிகள் வாழும் நாடு இது. குழித்துறையை ஒட்டிய மார்த்தாண்டத்தில் ஸ்ரீ கே. டி. பாலும் டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்சும் 1920-களில் நிறுவிய வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராம புனருத்தாரண நிலையம், தேனீ வளர்ப்பு முதலிய தொழில்களைக் குடியானவர்களுக்குக் கற்பித்தது. இன்றும் மார்த்தாண்டம் தேன் நாடெங்கும் பெயர் பெற்றிருப்பது அம்முயற்சியின் பயனே. கெட்ட பழக்கத்தை விடச் சொல்பவன், கையில் ஒரு நல்ல தொழிலையும் கொடுக்க வேண்டும் என்பதை இரு இடத்து அனுபவமும் காட்டுகின்றன.

1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரி சபை விலகிற்று. போர்க்காலத்தில், கவர்னர் ஆட்சியில், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. மீண்டும் காங்கிரஸ் பதவி ஏற்ற பின் படிப்படியாக உயிர்பெற்று, ஸ்ரீ ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாயிருந்தபோது, 1948 அக்டோபர் 2-ந் தேதியன்று மாகாணம் முழுவதற்கும் பரவிற்று. 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் கன்னியாகுமரி ஜில்லாவாகச் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது, மதுவிலக்கு நடைமுறையிலிருந்த ராஜ்யத்தோடுதான் இணைந்தன.

இதற்கிடையே ஆச்சாரியார் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும், 1952 முதல் 1954 வரை சென்னையின் முதல் மந்திரியாகவும் இருந்தார். 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். தொழிலிலும் வியாபாரத்திலும் சர்க்காரின் கட்டுப்பாடு கூடாதென்று வாதித்தவர், மது விஷயத்தில் மட்டும் கட்டுப்பாட்டைக் கடைசி வரை விடவில்லை. இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் கேலி செய்ததுண்டு. நாம் அவ்விதம் கருதவில்லை. குடிக்கு அடிமையானவன் தன் சுதந்திரத்தை முன்னரே இழந்துவிட்டான். அதைத் திருப்பிக் கொடுப்பதே சுதந்திரத்துக்குச் செய்யும் சேவையென்பது அவரது துணிபு.

1971 ஆகஸ்டு மாத இறுதியில் தமிழக சர்க்கார் மதுவிலக்கைத் தளர்த்திற்று. அப்போது ஆச்சாரியாருக்கு வயது 92. தள்ளாத வயதிலும் முதலமைச்சர் ஸ்ரீ கருணாநிதியை நேரில் கண்டு, வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1972 டிசம்பர் 25-ந் தேதி அவர் காலமானார். 1974-ல் கடைகள் மூடப்பட்டதையும் அவர் காணவில்லை. 1981-ல் அவை திறக்கப்பட்டதையும் காணவில்லை. 1983-ல் டாஸ்மாக் ஸ்தாபனம் ஏற்பட்டது. 2003 முதல் சில்லறை வியாபாரத்தையும் அதுவே நடத்துகிறது. 2023-24-ம் வருஷத்தில் மதுவினால் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிற்று.

ஆச்சாரியாரின் வழி தோற்றது என்று இதனால் முடிவு கட்டிவிடலாமா? சட்டத்துக்கென்று ஒரு வேலை உண்டு. கடை எட்டாத தூரத்திலிருந்தால் புதிதாகப் பழகுவோர் குறைவர். மனம் திருந்த முயல்பவனுக்கும் வழியில் இடறல் குறையும். ஆனால் நாள்பட்ட குடியால் உடலும் மூளையும் மதுவையே நாடும்படி மாறிவிட்டவனுக்குச் சட்டம் மட்டும் சிகிச்சை ஆகாது. அவன் கள்ளச் சரக்கைத் தேடிப் போகிறான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டபோது, சர்க்கார் கடைகளும் திறந்துதான் இருந்தன. ஆகவே கடையைத் திறந்து வைப்பதும் அவனைக் காக்கவில்லை, மூடுவது மட்டும் அவனைக் காப்பதில்லை. சேலத்துச் சட்டத்தை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். அதற்கு முன் புதுப்பாளையத்தில் நடந்த பத்து வருஷத் தொண்டை மறந்தோம். குறை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் அனுபவமும் இத்தகையதே. அங்கே 1920-ல் வந்த மதுவிலக்கு 1933-ல் நீக்கப்பட்டது. இரண்டு வருஷத்துக்குள், 1935-ல், ஆக்ரன் நகரில் குடியால் கெட்ட பங்கு வியாபாரி ஒருவரும் ரண சிகிச்சை டாக்டர் ஒருவரும் சந்தித்து, ஒருவருக்கொருவர் துணையிருந்து குடியை விட்டனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம் அதிலிருந்து பிறந்தது. உறுப்பினர் பெயரை வெளியிடுவதில்லை, கட்டணம் இல்லை, குடித்து மீண்டவனே குடிப்பவனுக்கு வழிகாட்டி. பன்னிரண்டு படிகள் கொண்ட அம்முறை இன்று தமிழ்நாட்டிலும் நடைபெறுகிறது.

இம்முறைகளின் பலனை ஆராய்ச்சியாளர் பலகாலம் அளந்து பார்த்திருக்கின்றனர். 1997-ல் அமெரிக்காவில் 1,726 பேரைக் கொண்டு மூன்று வித மனச் சிகிச்சைகளை ஒப்பிட்டதில், அவற்றிடையே பெரிய வேற்றுமை காணப்படவில்லை. 2020-ல் 27 ஆராய்ச்சிகளையும் 10,000-க்கு மேற்பட்ட நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்ததில், சங்கத்தோடு இணைக்கும் முறையில் ஒரு வருஷ முடிவில் குடியைத் தொடாதிருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். மற்ற மனச் சிகிச்சைகளில் 35 பேர். வேற்றுமை சிறிதெனினும் உண்மையானது. மருத்துவமனையை விட்டு வந்த பின்னும் வாரந்தோறும் செல்வதற்கு ஓர் இடமும், விசாரிப்பதற்கு ஒரு மனிதனும் இருப்பதே அதற்குக் காரணமென அறிஞர் கருதுகின்றனர். சிறந்த முறையிலும் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஒரு வருஷத்துக்குள் தவறுகின்றனர் என்பதையும் கவனிக்க வேண்டும். தவறியவன் மீண்டும் முயல்வது அவமானம் அன்று. நீரிழிவு நோயாளி மருந்துக்குத் திரும்புவது போன்றதே அது.

கோவாவில் நடந்த பரிசோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவு மீறிக் குடித்தும் இன்னும் முற்றிலும் அடிமையாகாத ஆண்களிடம், டாக்டர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண மனிதர்கள் சில தடவை உட்கார்ந்து பேசினர். மூன்று மாதத்தில் நூற்றுக்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தனர். அவ்விதப் பேச்சு இல்லாதவர்களில் 26 பேரே விலகினர். ஒரு வருஷத்தில் இவ்வேற்றுமை 54-க்கு 32 என்று விரிந்தது. 2017-ல் வெளியான இம்முடிவு, புதுப்பாளையத்துத் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று பேசியது வீண் வேலை அன்று என்பதற்குச் சாட்சியாக விளங்குகிறது.

முற்றும் அடிமையானவனுக்கோ வைத்தியமே முதற்படி. பல வருஷம் தினந்தோறும் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை கால் நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலின் முதல் சில நாட்கள் டாக்டரின் மேற்பார்வை அவசியம். மது ஆசையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளும், குடித்தால் உடலுக்கு ஒவ்வாமற் செய்யும் டைசல்பிராமும் உள்ளன. பின்னதை நோயாளிக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுப்பது மிகவும் அபாயகரமானது. விளம்பரங்களில் காணும் ரகசியப் பொடிகளை வாங்கும் தாய்மார்கள் இதை அறிதல் வேண்டும். மீட்பு இல்லம் என்ற பெயரில் ஆட்களைப் பூட்டி வைத்து அடிக்கும் இடங்களையும் தவிர்க்க வேண்டும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின்படி பதிவு பெற்ற இடம்தானா என்று கேட்பது குடும்பத்தாரின் உரிமை. மாதம் முடிந்து வெளியே வந்தவர் எத்தனை பேர் என்று கேட்பதைவிட, ஒரு வருஷத்துக்குப் பின் குடியாதிருப்பவர் எத்தனை பேர் என்று கேட்பதே சரியான கேள்வி.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. கணவரைக் குடியால் இழந்த ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் ஸ்தாபனம், குடிப்பவனுக்கு மட்டுமின்றி அவன் மனைவிக்கும் சேர்த்துச் சிகிச்சை தருகிறது. கிராமங்களில் முகாம் நடத்தி, ஊர்ப் பெரியோரையும் பொறுப்பேற்கச் செய்தது. ஆனால் தேவையோ மலைபோன்றது. மத்திய சர்க்காருக்காக நடத்தப்பட்டு 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். மற்ற 37 பேர் தங்கள் வீட்டுப் பெண்களின் கண்ணீரிலும் கடனிலும் விடப்பட்டிருக்கின்றனர்.

2025 பிப்ரவரியில் தமிழக சர்க்கார் கலங்கரை என்ற பெயரில் 25 மீட்பு நிலையங்களை ஆஸ்பத்திரிகளில் தொடங்கியதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பல்லாயிரம் கோடி மது வருமானத்துக்கு முன் அது சிறு தொடக்கமே. தாலுகாதோறும் அத்தகைய நிலையம் வேண்டும். குழித்துறை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியிடம் குடியைப் பற்றிக் கேட்டு, உட்கார்ந்து பேசுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். கோவில்களும் திருச்சபைகளும் பள்ளிவாசல்களும் வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்து விட்டால், மீண்டவர்கள் கூடுவதற்கு இடம் கிடைக்கும். பள்ளி, வழிபாட்டு இடங்களின் அருகிலுள்ள கடைகளைப் பற்றி ஊரார் கேட்கும்போது, யாரும் கோபுரம் ஏறும் வரை அதிகாரிகள் காத்திருக்கலாகாது.

ஆச்சாரியார் கடையையும் மூடினார், குடிப்பவனின் குடிசைக்கும் சென்றார். முதலாவதை மட்டும் செய்யும் ராஜாங்கம் பாதி வேலையே செய்கிறது. இரண்டையும் செய்யாத ராஜாங்கம் குடியால் வரும் லாபத்துக்கு மட்டுமே பங்காளியாகிறது. கடையை மூடும் காரியம் சட்டசபையின் கையில் இருக்கிறது. குடிசைக்குச் செல்லும் காரியம் இன்றே, விளவங்கோட்டிலேயே, நம் கையில் இருக்கிறது. அதைத் தொடங்க நம் இளைஞர்களும் தாய்மார்களும் முன்வருவார்களென்று நாம் நம்புகிறோம்.